டோல்கேட்டில் கூடினவர்கள்

பண்டிகைக் கூட்டத்தில் நெடுங்கரை டோல்கேட்டைத் தெற்கு நோக்கித் தாண்டுகிற கார்களில் சிலவற்றில் ஒரு ஆள் கூடிவிடுகிறது என்று தெரிய வந்தபோது அலறிப்புடைத்த ஜனங்கள், ஒன்றிரண்டு வருஷத்தில் அலறுவதை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் கூடினவர் யார் என்று யாருக்குமே தெரியவில்லை. மூன்று பேரோடு வரிசையில் நின்ற கார், பச்சை விளக்கு எரிந்து குறுக்குக் கம்பு மேலே போனதும் நான்கு பேரோடு வெளியே வரும், அந்த நான்கு பேருக்கும் தாங்கள் என்றைக்கும் நான்கு பேர்தான் என்று நினைவிருக்கும், கல்யாண ஆல்பத்தில் நான்கு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள், ரேஷன் கார்டில் நான்கு பெயரும் பிழையில்லாமல் இருக்கும், ஜன்னலோரம் யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டே ஊர் போய்ச் சேருவார்கள். ஊரில் காத்திருந்தவர்களும் கூடினவரையும் சேர்த்துத்தான் வாங்க வாங்க என்பார்கள். கூடினவருக்குப் பிடித்த குழம்பு அதற்கு முன்பே அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்.

கேட்டில் வேலை பார்த்தவர்கள்தான் முதலில் கவனித்தார்கள். உள்ளே வரும்போது கண்ணாடியில் தெரிந்த தலைகளும் வெளியே போகும்போது தெரிந்த தலைகளும் ஒத்துப்போகவில்லை. பொங்கல் கூட்டத்தில் தலையைப் பார்த்ததே பெரிய காரியம், முகத்தை யார் பார்த்தார்கள். அதைவிடக் கொடுமை திரும்பும்போது நடந்தது. கூடினவரோடு அதே கேட்டை வடக்கு நோக்கித் தாண்டினால் கூடினவர் இருக்க மாட்டார், சீட்டில் உட்கார்ந்த சூடு மட்டும் இருக்கும், வண்டியில் மிஞ்சினவர்களுக்கு அப்படி ஒருவர் இருந்த நினைவே இருக்காது. ஆனால் கேட்டுக்குத் தெற்கே நிற்பவர்களுக்கு எதுவும் மறக்காது. அவர்கள் சாயங்காலம் போன் போட்டு, சின்ன மாமா நல்லபடியாக வந்து சேர்ந்தாரா என்று கேட்பார்கள், எந்தச் சின்ன மாமா என்று அங்கேயிருந்து குரல் வரும்.

பயம் பழகிப்போனதும் ஜனங்கள் அதற்கென்று ஒரு மரியாதையைக் கண்டுபிடித்தார்கள். சம்பளத்தையும் வயசையும் கூசாமல் கேட்கிற நம் ஆட்கள், உங்கள் வண்டியில் கூடினது யார் என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, எந்த ரோட்டில் போறீங்க என்று கேட்டார்கள். டோல்லதான் என்று நிமிர்ந்து சொன்னால் எங்கள் வண்டியில் யாரும் கூடவில்லை என்று அர்த்தம். கேட் இல்லாத பழைய ரோட்டைச் சொல்லி முணுமுணுத்தால் கேட்டவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் கூடுதலாகக் கட்டிக் கொடுப்பார். நிமிர்ந்து சொன்னவர்களும் ஊர் எல்லை தாண்டியதும் சத்தம் போடாமல் பழைய ரோட்டில்தான் திரும்பினார்கள். அதனால் காணும் பொங்கலுக்கு மறுநாள் டோல் இருக்கிற புது ரோடு வெறிச்சென்று கிடக்கும், ஆடுகள் நடுரோட்டில் படுத்து அசைபோடும். பழைய ரோட்டிலோ வடக்கே போகிற வண்டிகள் எதிர்வரிசையையும் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக நெருக்கியடித்து நிற்கும், ரோட்டோரத்து வீடுகளில் எல்லாம் சுண்டலும் டீயும் வியாபாரம் ஆகும்.

எல்லோரும் அப்படிப் பாசமாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. மாமனார்தான் கூடினவர் என்று மனசுக்குள் முடிவு கட்டிய ஒருவர், அவரைக் கழித்துவிட்டு வரலாம் என்று வேண்டுமென்றே டோல் ரோட்டைப் பிடித்தார். கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தக் கார் தடுப்புச்சுவரை உரசிக்கொண்டு நின்றது. டிரைவர் சீட்டில் ஆள் இல்லை, பக்கத்து சீட்டில் மாமனார் மட்டும் ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், வண்டி ஓட்டத் தெரியாத நான் எப்படி இவ்வளவு தூரம் வந்தேன் என்று வருவோர் போவோரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். வேணிக்குச் சிரிப்பு வரவில்லை.

வேணியின் புருஷன் பேச்சிமுத்து அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவர்களுக்கு ஆறு வயசில் அரசி என்று ஒரு மகள், கூடவே பேச்சிமுத்துவின் அக்கா உலகம்மாள், கல்யாணம் ஆகாமல் தம்பி வீட்டோடு இருப்பவள். இந்த நான்கு பேரும்தான் பொங்கலுக்குத் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டு இப்போது சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். போகும்போது டோலில்தான் போனார்கள், எல்லோரையும் போல. நம்ம வண்டியில எல்லாம் ஆள் கூடாது என்று பேச்சிமுத்து சொன்னான், அதையும் எல்லோரும்தான் சொன்னார்கள். அன்றிலிருந்து வேணிக்குச் சோறு இறங்கவில்லை. கரும்பைக் கடித்துத் துப்புகிற மகளைப் பார்ப்பாள், இவளாக மட்டும் இருக்கக் கூடாது என்று முணுமுணுப்பாள். பிரசவ வலியே நினைவிருக்கிறதே என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள், அந்த வலியையும் கேட்டே கொடுத்திருந்தால் என்ன செய்வது என்று மறுபடி கலங்குவாள். கடைசியில் அவள் மனசு தனக்கு வசதியான இடத்தில் போய் உட்கார்ந்தது. கூடினது மதினியாக இருக்கட்டும் என்று அவள் உள்ளூர வேண்டிக்கொண்டாள், வேண்டிக்கொண்ட கையாலேயே மதினிக்கு இன்னொரு கரண்டி சர்க்கரைப்பொங்கல் வைத்தாள்.

கிளம்பும்போது உலகம்மாள் பழைய ரோட்டில்தான் போக வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். பார்த்தாயா, இவளுக்கே பயம் இருக்கிறது என்று வேணி நினைத்துக்கொண்டாள்.

வண்டி பொட்டக்குளத்துக்கு வடக்கே அசையாமல் நின்றபோது உச்சி வெயில். இந்தப் பக்கம் வாய்க்கால், அந்தப் பக்கம் பஸ், முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய வரை வண்டிகள், அதற்குள் எங்கோ ஒரு ஆம்புலன்ஸ் கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டது. புகையும் தூசியும் அரசிக்கு ஆகாது. அவளுக்கு முதலில் இருமல் வந்தது, பிறகு நெஞ்சில் விசில் சத்தம் வந்தது, பிறகு தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கத் தொடங்கின. வேணி பையில் இருந்த இழுப்பு மருந்துப் பம்பை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். காற்றுதான் வந்தது, மருந்து தீர்ந்துபோயிருந்தது.

"இன்னொன்னு வச்சிருந்தோமே, டேஷ்போர்டுல பாருங்க," என்றாள்.

"நீயே பாரு, எனக்குக் கை ஓடல," என்றான் பேச்சிமுத்து.

அவள் பின்சீட்டிலிருந்து எக்கி அந்தச் சின்னக் கதவைத் திறந்து துழாவினாள். பம்பு இல்லை. கையில் ஒரு கூழாங்கல் வந்தது, புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு.

அந்தக் கல் எதற்கு என்று மூன்று பெரியவர்களுக்கும் தெரியும். மூன்று பேராக எங்கேயும் கிளம்பக் கூடாது, கிளம்பித்தான் ஆக வேண்டுமென்றால் வாசலில் கிடக்கிற ஒரு கல்லை எடுத்து நாலாவது ஆளாகக் கூட வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம், அவர்கள் தெருவில் எல்லா வீட்டு வழக்கமும்தான். நான்கு பேர் கிளம்புகிற வண்டியில் யாரும் கல் எடுத்து வைப்பதில்லை. அந்தக் கேட்டுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, ஆல்பத்தைத் திருத்தத் தெரிந்தது, ரேஷன் கார்டைத் திருத்தத் தெரிந்தது, ஒரு பெண்ணின் வயிற்றில் பிரசவ வலியைக்கூட வைக்கத் தெரிந்திருக்கலாம், ஆனால் இந்த ஜனங்கள் மூன்று பேராகப் போகப் பயந்து கல்லை ஆளாகக் கணக்கு வைப்பார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

அரசியின் உதடு நீலம் பாரித்தது. முன்னால் நின்ற வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் பேச்சிமுத்து ஸ்டியரிங்கை ஒடித்து, வாய்க்கால் பாலத்தின் வழியாகப் புது ரோட்டுக்குப் போகிற மண் பாதையில் வண்டியை இறக்கினான். கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று போர்டு போட்டிருந்தது. வண்டி நடமாட்டமில்லாத புது ரோட்டில் வண்டி பறந்தது, தூரத்தில் கேட்டின் பச்சை விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன, தெரிந்ததும் அவன் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"போங்க," என்றாள் வேணி. "ஏன் நிப்பாட்டினீங்க?"

"பிள்ளையா இருந்தா?" என்றான் அவன். குரல் உடைந்திருந்தது. "தாண்டினதும் மடியில பிள்ளை இல்லைன்னா என்ன செய்ய?"

வேணி மகளை இறுக்கிக்கொண்டாள். தாண்டாவிட்டால் மூச்சு நின்றுவிடும், தாண்டினால் பிள்ளையே இல்லாமல் போய்விடலாம், இல்லாமல் போனாள் என்று அழவும் நினைவிருக்காது.

"நான் இறங்கிக்கிடுதேன்," என்றாள் உலகம்மாள். "நானாத்தான் இருக்கும். எனக்கு யாரு இருக்கா, தேடி அழ. நீங்க மூணு பேரும் போங்க."

இத்தனை நாளாக எதை வேண்டிக்கொண்டாளோ அதையே மதினி வாயால் கேட்டதும் வேணிக்கு அவமானமாக இருந்தது. அவமானத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது, அது அதைவிட அவமானமாக இருந்தது.

அரசி மூச்சுக்கு நடுவே திக்கித் திக்கிப் பேசினாள். "அத்தைதான... கல்லு எடுத்தா. நான் கேட்டேன்லா... எதுக்குன்னு."

"பேசாத கண்ணு, மூச்சு வாங்கும்," என்றாள் உலகம்மாள் அவசரமாக.

பேச்சிமுத்துவின் முகம் தெளிந்தது. அப்படியானால் கிளம்பும்போதே கல் எடுத்தவளும் உண்டு, எதற்கு என்று கேட்ட பிள்ளையும் உண்டு. "ஆமா, ஆமா," என்றான் வேகமாக. "நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு ஹாரன் அடிக்கேன், அக்கா வாசல்ல குனிஞ்சு கல்லு பொறுக்கிட்டு நிக்கா, பிள்ளை எதுக்கு எதுக்குன்னு கேக்கா, மூணு பேராப் போறோம்லா, அதான்னு அக்கா..."

அவன் நிறுத்திவிட்டான். வாயிலிருந்து வந்ததைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள முடியாதவனாகக் கண்ணாடி வழியே பின்சீட்டைப் பார்த்தான்.

குனிந்தவள் ஒருத்தி, கேட்டவள் ஒருத்தி, ஹாரன் அடித்தவன் ஒருவன். வேணி விரல் மடக்காமலே எண்ணிவிட்டாள்.

"நான் எங்க இருந்தேன்?" என்று கேட்டாள்.

"நீ கதவைப் பூட்டிக்கிட்டு இருந்திருப்ப," என்றாள் உலகம்மாள். அவள் இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவி சேலைக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும், மதினி?"

"பொங்கலன்னைக்கு வண்டியில சூடம் எடுக்கப் போனேன். கல்லு கெடந்துச்சு." உலகம்மாள் அழவில்லை, வேணியின் கையை மட்டும் நசுங்கும்படி பிடித்திருந்தாள். "அதுக்குத்தான பழைய ரோடு, பழைய ரோடுன்னு உங்க உசிரை வாங்கினேன். வாழ்ற வீட்டுல இதைப் போய்ச் சொல்ல முடியுமாட்டி?"

அப்படியானால் போன வாரம் வரை அரசிக்கு அம்மா யார், அவள் என்ன ஆனாள் என்ற கேள்வி வேணியின் நெஞ்சில் ஒரு நிமிஷம் நின்றது. அதைக் கேட்க நேரமில்லை, கேட்டுத் தாங்கவும் தெம்பில்லை. பிள்ளைக்காக எதையும் செய்கிறவள்தான் அம்மா என்று ஊர் சொல்லும், அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், ஆனால் அந்தப் பச்சை விளக்குகளைப் பார்த்தபோது அவளுக்கு இருந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. எங்கேயாவது, ஒரு மரத்தடியிலாவது இருக்க வேண்டும்.

"எனக்கு இல்லாமப் போக மனசில்ல, மதினி," என்றாள். "பயமா இருக்கு. நான் இறங்கிக்கிடுதேன்."

பேச்சிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்குள் பிள்ளையை உலகம்மாள் மடிக்கு மாற்றிவிட்டாள். அரசி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது, அவள் வாழ்ந்ததாக நினைத்துக்கொண்டிருந்த வாழ்வில் அதைப் போல ஒரு வேலையைச் செய்ததில்லை.

"அம்மா பின்னாலயே வாரேன்," என்றாள்.

"இங்கயே நில்லு," என்றான் பேச்சிமுத்து. "ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு இந்தா ஓடி வந்துருதேன்."

வண்டி போனது. உலகம்மாள் பின்கண்ணாடி வழியே திரும்பி அவளையே பார்த்துக்கொண்டு போனாள். குறுக்குக் கம்பு ஏறியது, வண்டி அதன் கீழே நுழைந்தது, உலகம்மாள் ரோட்டோரம் நிற்கிற யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

வேணி வண்டிக்குப் பின்னால் இரண்டடி ஓடினாள். யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் ரோட்டை ஒட்டிய புளியமரங்களுக்கு அடியில் நாற்பது ஐம்பது பேர் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். வேட்டி கட்டிய பெரியவர்கள், கைக்குழந்தைக்காரி, காலேஜ் பெண், பட்டுச்சட்டை போட்ட ஒரு புதுமாப்பிள்ளை. எல்லோரும் கேட்டுக்கு முன்னால் இறங்கிக்கொண்டவர்கள். அவளைப் பார்த்ததும் பேசாமல் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார்கள், கல்யாணப் பந்தியில் பிந்தி வந்தவருக்கு விடுவதுபோல. டீக்கடை போட்டிருந்த பாக்கியத்தாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் ஒரு தீபாவளிக்கு அங்கே இறங்கியவள்தான்.

"அவங்களா போன் பண்ண மாட்டாங்க தாயி," என்றாள் பாக்கியத்தாய். "நீதான் பண்ணணும். பேரைச் சொல்லு. உறவைச் சொல்லாத, பயந்துபோய் வச்சிருவாங்க, அப்புறம் எடுக்கவே மாட்டாங்க."

"வருவாங்களா?"

"சில பேரு வந்திருக்காங்க. ஆனா ஒண்ணு, டோல்ல மட்டும் வரவிடாத." அவள் பட்டுச்சட்டைக்காரனைக் கண்ணால் காட்டினாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இந்தத் தம்பி போன் பண்ணினதும் இவரு கட்டின பொண்ணு நல்ல மனசோட கிளம்பித்தான் வந்துச்சு, அவசரத்துல டோல்ல வந்துருச்சு. கேட்டைத் தாண்டும்போது காலியா இருந்த சீட்டுல ஒரு மாப்பிள்ளை கூடிட்டாரு. ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு இவரைத் தாண்டிப் போனாங்க. இவரு எந்திரிச்சு நின்னு கையாட்டினாரு, அந்தப் பொண்ணும் திருப்பிக் கையாட்டுச்சு."

ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள் என்று தோன்றும்வரை காத்திருந்து, வெயில் இறங்கியதும் வேணி அந்த மாப்பிள்ளையைப் பார்க்காமல் போனை எடுத்தாள். எண் தப்பிப் போனது, மறுபடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாழ்நாளில் இவ்வளவு பயந்ததில்லை என்று நினைத்தாள், அந்த வாழ்நாளின் நீளம் ஒரு பொங்கல் விடுமுறைதான் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

"ஹலோ, யாரு?" என்றான் பேச்சிமுத்து.

அது அவள் புருஷன் குரல்தான், அவளைத் தெரியாத குரல். உறவுச் சொல் வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "பிள்ளைக்கு மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"இப்பப் பரவாயில்லங்க. மாஸ்க் வச்சிருக்காவ. நேரத்துல கொண்டுவந்தீங்க, இல்லன்னா கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு." கொஞ்சம் தயங்கினான். "நீங்க ஆஸ்பத்திரியிலருந்தா பேசுதீங்க?"

வேணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கும்வரை அவன் போனை வைக்கவில்லை.

"இல்ல," என்றாள். "என் பேரு வேணி. நெடுங்கரை கேட்டுக்குத் தெக்க, புளியமரத்தடியில இருக்கேன்."

கேட்டுக்குத் தெற்கேயிருந்து பெண்களும் ஆண்களும் இப்படிப் போன் செய்வார்கள் என்று அவனும் கேள்விப்பட்டிருப்பான், எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். வைத்துவிடுவான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிள்ளை அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டே கெடக்கு," என்றான் அவன் மெதுவாக. "எனக்கு என்ன பதில் சொல்லன்னு தெரியல. எங்க அக்காளும் அழுதுக்கிட்டே இருக்கா, ஏன்னு கேட்டா தெரியலங்கா."

வேணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டோல்ல வந்தா உடனே வந்துரலாம்லா?" என்றான்.

"டோல்ல வராதீங்க." அவள் எழுந்து நின்றுவிட்டாள். "என்ன அவசரம்னாலும் டோல்ல வராதீங்க. பழைய ரோட்டுல வாங்க."

"அதுல கூட்டம் நெரியுமே. எவ்வளவு நேரம் ஆகும்?"

வயலுக்கு அப்பால் பழைய ரோடு தெரிந்தது. வடக்கே பார்த்து நின்ற வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன, தெற்கே வர ஒரு சைக்கிளுக்குக்கூட வழியில்லை, பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவனிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"ரொம்ப நேரம் ஆகும்," என்றாள் வேணி. "நான் இருப்பேன்."